எடை இறங்காமல் நின்றுவிட்டால் கூடச் சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயட் ஆரம்பித்த முதல் மூன்று மாதம் எடை மளமளவென்று இறங்கும். நாலாம் மாதம் முள் அசையாது. சாப்பாட்டை இன்னும் குறைத்துப் பார்த்தாலும் அசையாது. அப்போது ஜிம் டிரெய்னரோ வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவரோ சொல்வார்: "நீங்க ரொம்பக் கம்மியா சாப்பிடுறீங்க, அதான் உடம்பு கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்குது. நல்லாச் சாப்பிடுங்க, தானா இறங்கும்." கேட்கச் சுகமாக இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது; எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல். அதைச் சுற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில் கீழே.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்டால் எடை குறையுமா?

கூடச் சாப்பிடுவதால் கொழுப்பு கரையாது. செலவாகும் கலோரியைவிட உள்ளே போவது குறைவாக இருந்தால்தான் கரையும். ஆனால் பல மாதம் வயிற்றைக் கட்டிய ஒருவர், திட்டம் போட்டு, அளவாக, கொஞ்ச காலத்துக்கு மட்டும் சாப்பாட்டைக் கூட்டினால், அதற்குப் பிறகு டயட்டை ஒழுங்காகத் தொடர முடிகிறது. எடை இறங்குவது அந்தத் தொடர்ச்சியால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் கூட்டுகிறவர்களுக்குப் பழைய எடை பத்திரமாகத் திரும்பி வந்துவிடும்.

எத்தனை நாள் அசையாமல் இருந்தால் 'நின்றுவிட்டது' என்று சொல்லலாம்?

நாலு நாளிலேயே பதறுகிறவர்கள்தான் அதிகம். குறைந்தது நாலு வாரம் பார்க்க வேண்டும். ஒரு நாள் எடையை இன்னொரு நாள் எடையோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் தினமும் ஏறிப் பாருங்கள்; வாரத்துக்கு ஒரு சராசரி எழுதுங்கள். நாலு வாரச் சராசரியும் ஒரே இடத்தில் இருந்து, இடுப்புச் சுற்றளவும் மாறவில்லை என்றால் அது நிஜமான தேக்கம்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், உடம்பில் தண்ணீர் ஏறி இறங்கும் அளவு கொழுப்பு கரையும் அளவைவிடப் பெரியது. வாரம் அரைக் கிலோ கொழுப்பு கரைவதே நல்ல வேகம். ராத்திரி ஹோட்டல் பிரியாணியும் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டால் மறுநாள் காலை ஒரு கிலோ கூடக் காட்டும். உப்பு பிடித்துவைத்த தண்ணீர் அது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பல பெண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை நீர் கோர்க்கும். அவர்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதச் சுழற்சியின் இதே நாளோடு ஒப்பிட வேண்டும். புதிதாக எடை தூக்க ஆரம்பித்தவருக்குத் தசை வலிக்கிற நாட்களிலும் நீர் நிற்கும். மலச்சிக்கல் தனிக் கணக்கு.

சோறு, இட்லி தவிர்க்கும் பேலியோ டயட்டில் முதல் வாரமே மூன்று கிலோ போயிற்று என்பார்கள். மாவுச்சத்து நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் வெளியேறுவது இதுதான். அந்த முதல் வாரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மூன்றாம் மாதத்தைப் பார்த்தால் எல்லாமே தேக்கமாகத்தான் தெரியும்.

அதே சாப்பாடு, அதே நடை. பிறகு ஏன் நிற்கிறது?

உடம்பு அதே உடம்பு இல்லையே. ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை. 1990-இல் வந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் சூத்திரம்தான் இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது. எடையை 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 1,416 வருகிறது. சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு அது. அன்றாட வேலைக்காக 1.4-ஆல் பெருக்கினால் நாளுக்கு 1,980 கலோரி. அவர் 1,500 கலோரி சாப்பிட்டால் தினம் 480 குறைகிறது. நன்றாக இறங்கும்.

10 கிலோ இறங்கி 68 ஆனதும் அதே சூத்திரம் 1,840 என்கிறது. நிஜத்தில் இதற்கும் கீழே போகும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வின் கணக்கு இது: இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது. பத்துக் கிலோ இறக்கிய நம்முடைய பெண்ணுக்குச் செலவு 250 போலக் குறைந்து 1,730-க்கு வந்துவிட்டது. பசி அவரை ஆரம்பித்த நாளைவிட 1,000 கலோரி கூடச் சாப்பிடச் சொல்கிறது. முன்பு 480 இருந்த இடைவெளி இப்போது 230. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே அது அடைந்துவிடும். கரண்டிக்கு 120 கலோரி.

செலவு குறைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். செலவு குறைவதைப் போல நாலு மடங்கு அளவுக்குப் பசி கூடுவதுதான் பெரிய விஷயம். அதை ஏனோ யாரும் பேசுவதில்லை.

'ஸ்டார்வேஷன் மோட்' என்கிறார்களே. ரொம்பக் கம்மியாகச் சாப்பிட்டால் உடம்பு கொழுப்பை விடாதாமே?

இதற்கு 1944–45-லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தராது என்று மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தாங்களே முன்வந்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக நடந்தது. சாதாரணமாக நாளுக்கு 3,200 கலோரி சாப்பிட்டவர்களுக்கு 24 வாரம் அதில் பாதிதான் கிடைத்தது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு போயிற்று. கொழுப்பு பெரும்பகுதி கரைந்து எலும்பு தெரிந்தது. உடம்பின் அடிப்படைச் செலவு 40 சதவீதம் போலக் குறைந்தது. உடம்பு சிறுத்ததற்கு உரியதைவிடவும் கூடுதலான குறைவு அது. ஆக, உடம்பு சிக்கனத்துக்கு மாறுவது உண்மை. கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்வது என்பது மட்டும் கட்டுக்கதை. நம்மில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தவருக்கு அந்தச் சிக்கனம் அந்த இளைஞர்களுக்கு வந்த அளவுக்கு வராது.

அந்தச் சோதனையில் நமக்கு உதவும் இன்னொரு செய்தி இருக்கிறது. கடைசி வாரங்களில் அவர்களுடைய கால் வீங்கியது. உள்ளே கொழுப்பும் தசையும் போய்க்கொண்டிருக்க, நீர் சேர்ந்து எடையை மறைத்தது. சோதனை முடிந்து இஷ்டம்போலச் சாப்பிட விட்டபோது மலைபோலச் சாப்பிட்டார்கள். எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். எடை திரும்பியபோது கொழுப்புதான் முந்திக்கொண்டு வந்தது. கடுமையாகக் குறைத்துவிட்டு, பிறகு கட்டுப்பாடு இல்லாமல் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

கூடச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் கூடும் என்பது?

கூடும். ஆனால் கூட்டியதைத் தாண்டிக் கூடாது. ஒல்லியான, ஆரோக்கியமான பத்துப் பெண்களுக்கு மூன்று நாள் தேவையைவிட 40 சதவீதம் அதிகமாக மாவுச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் ஏறியது, உடம்பின் செலவு 7 சதவீதம் ஏறியது. ஜிம் வட்டாரத்தில் 'ரீஃபீட்', அதாவது டயட்டின் நடுவே ஓரிரு நாள் கூடச் சாப்பிடுவது, செய்யச் சொல்பவர்கள் காட்டுவது இதைத்தான். சரி, இந்த விகிதத்தில் பார்த்தால் 400 கலோரி கூடச் சாப்பிட்டவருக்கு 70 கூடுதலாகச் செலவாகும். மீதி 330 எங்கே போகும் என்று அவர்கள் சொல்வதில்லை.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கொழுப்பு ஏறியது ஒருவருக்கு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். குறைவாக ஏறியவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் எழுந்து நடந்து, கை கால் ஆட்டிச் செலவழித்திருந்தார்கள். ஆனால் ஒருவருக்குக்கூடக் கொழுப்பு குறையவில்லை.

என் தோழி 1,200-லிருந்து 1,500-க்குக் கூட்டினாள், எடை மறுபடி இறங்கியது. கண்ணால் பார்த்தேன். அது எப்படி?

நம்புகிறேன். இப்படி நடப்பது அபூர்வம் இல்லை. மேலே பார்த்த பெண்ணுக்கே இது நடந்ததாக வைத்துக்கொள்வோம். முள் அசையவில்லை என்று 1,500-ஐ 1,200 ஆக்கினார். திங்கள் முதல் வெள்ளி வரை அதில் நிற்கிறார். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறும் கூட்டும், ராத்திரி ஒரு சப்பாத்தி. வெள்ளி இரவே தலை கிறுகிறுக்கிறது. சனிக்கிழமை காலை பூரி மசால், மதியம் பிரியாணி, சாயங்காலம் காபியோடு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா சால்னா. ஞாயிறும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு நாளும் நாளுக்கு 2,900 என்று வைத்தால் மிகை இல்லை.

இப்போது கூட்டுங்கள். ஐந்து நாளில் 6,000, இரண்டு நாளில் 5,800, மொத்தம் 11,800. ஏழால் வகுத்தால் நாளுக்கு 1,686. அவருடைய செலவு 1,730 என்று பார்த்தோம். இடைவெளியே இல்லை. ஆனால் யாராவது கேட்டால் '1,200 கலோரி டயட்ல இருக்கேன், ஒரு கிராம் இறங்கல' என்பார். அதில் பொய் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் அதுதான் உண்மை.

தினமும் 1,500 என்று கூட்டினால் வாரத்துக்கு 10,500 ஆகிறது. பசி தாங்கும்படி இருப்பதால் சனிக்கிழமை வெறி வருவதில்லை. நிஜத்தில் அவர் குறைத்திருக்கிறார். உங்கள் தோழிக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

வேறு வழிகளும் உண்டு. அரைப்பட்டினியில் இருப்பவர் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பார், சாப்பிட்டவர் படியேறிவிடுவார். நாள் முழுதும் இந்த மாதிரிச் சின்ன அசைவுகளில் வரும் வித்தியாசம் நூறு, இருநூறு கலோரி வரை போகும். தூக்கம் சரியாகி, மன அழுத்தம் தணிந்து, பிடித்துவைத்த நீர் இறங்குவதும் உண்டு. அப்போது ஒரே வாரத்தில் ஒரு கிலோ போனதுபோலத் தெரியும். கொழுப்பு முன்பே போயிருக்கும், தெரிவது இப்போதுதான்.

நான் வார இறுதியிலும் ஒழுங்காகத்தான் இருக்கிறேன். எல்லாவற்றையும் ஆப்பில் பதிகிறேன். அப்படியும்?

1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 1,200-க்குக் கீழே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரின் செலவை நேராக அளந்தார்கள். மெட்டபாலிசம் யாருக்கும் பழுது இல்லை. சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே அல்ல, அப்படித்தான் நம்பினார்கள். இது படித்தவர், படிக்காதவர் பிரச்சினை இல்லை. 2002-இல் வந்த இன்னொரு ஆய்வில் உணவியல் படித்த பெண்களே நாளுக்குச் சராசரியாக 220 கலோரி விட்டுவிட்டு எழுதினார்கள். படிக்காதவர்கள் விட்டது 430.

நம் சமையலறையில் இது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட அதிக நேரம் ஆகாது. தோசைக்கல்லைச் சுற்றி விடும் எண்ணெயை எந்த ஆப்பும் பார்ப்பதில்லை. 'தோசை 1' என்று பதிந்தால் அது ஏதோ ஒரு தோசை. தேங்காய்ச் சட்னியை இட்லி எண்ணிக்கையோடு யாரும் பதிவதில்லை. பொரியலில் கடைசியாகத் தூவிய தேங்காய்த் துருவல், சாம்பாருக்குத் தாளித்தது, ரசத்தில் ஒரு துளி என்று ஊற்றிய நெய், உப்புப் பார்க்க வாயில் போட்டது, பிள்ளை மிச்சம் வைத்த அரை வடை. சர்க்கரை போட்ட பால் காபி ஒன்றுக்கு 80 முதல் 100 கலோரி. மூன்று முறை குடித்தால் ஒரு சின்னச் சாப்பாடு. வேர்க்கடலை ஆரோக்கியமானதுதான், ஆனால் நூறு கிராமில் 560 கலோரிக்கு மேல்.

ஒரே ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் அன்றைக்கு உங்கள் பங்கு எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து எடுத்து வையுங்கள். எல்லாச் சமையலும் அதிலிருந்துதான். கூட்டுக் குடும்பத்தில் இது முடியாது என்றால் வீட்டு மொத்த எண்ணெயை மாதக் கணக்கில் பார்த்துத் தலைக்கு வகுத்தாலும் போதும்; நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, 270 கலோரி சொச்சம். கணக்கில் ஓட்டை இருக்கும்போது சாப்பாட்டைக் கூட்டினால் ஓட்டை பெரிதாகுமே தவிர வேறொன்றும் நடக்காது.

'டயட் பிரேக்' என்று தனியாக ஆராய்ச்சி இருக்கிறதாமே?

இருக்கிறது, இரண்டைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான மேட்டடார் ஆய்வில் 51 பருமனான ஆண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு குழு 16 வாரம் தொடர்ச்சியாகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சாப்பிட்டது. இன்னொரு குழு இரண்டு வாரம் குறைத்து, அடுத்த இரண்டு வாரம் எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கும் அளவுக்குச் சாப்பிட்டு, இப்படி மாற்றி மாற்றி அதே 16 வார டயட்டை முடித்தது. தொடர்ச்சியாக இருந்தவர்களுக்கு 9 கிலோ, இடைவெளி விட்டவர்களுக்கு 14 கிலோ இறங்கியது. இதைச் சொல்கிற பலர் சொல்லாமல் விடுவது, இரண்டாவது குழுவுக்கு மொத்தம் 30 வாரம் ஆனது என்பதை.

அதே நாட்டின் பெர்த் நகரில் எடைப் பயிற்சி செய்யும் 61 பேரை வைத்துச் செய்த ஐஸ்கேப் ஆய்வு 2021-இல் வந்தது. ஒரு தரப்புக்குத் தொடர்ச்சியான டயட், இன்னொரு தரப்புக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் இடைவெளி. கொழுப்புக் கரைவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இடைவெளி விட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. என் கணிப்பில் டயட் பிரேக்கின் பலன் இங்கேதான்: இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கத் தெம்பு கிடைக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

யார் கட்டாயம் கூட்ட வேண்டும்?

மாதவிடாய் நின்றுபோன அல்லது தள்ளித் தள்ளிப் போகும் பெண்கள். கர்ப்பமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், எடையைப் பற்றிய பேச்சையே அதுவரை ஒத்திவையுங்கள். உடம்பு இனப்பெருக்கத்துக்குக் கொடுக்க ஆற்றல் இல்லை என்று கதவை மூடியிருக்கலாம். நீண்டால் எலும்பு பலவீனமாகும். ஓட்டக்காரர்களும் விளையாட்டு வீரர்களும் இதில் அடிக்கடி மாட்டுவார்கள், ஆண்களும்தான்.

அப்புறம், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் 1,000, 1,100-இல் இருப்பவர்கள். கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, எப்போதும் குளிர்வது, எழுந்தால் கண் இருட்டுவது எல்லாம் அதன் பில். முடி கொட்டுவது டயட் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், அதனால் பலர் ஷாம்பூவைக் குறை சொல்வார்கள். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யார் தாங்களாகக் கூட்டக் கூடாது?

இன்சுலினோ கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள். அவர்களுடைய மருந்தின் அளவு சாப்பாட்டோடு கட்டப்பட்டது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும். சாப்பாட்டோடு சண்டை போட்ட சரித்திரம் உள்ளவர்கள், அதாவது ஒரேயடியாகத் தின்றுவிட்டு வாந்தி எடுப்பது, பட்டினி போடுவது என்று இருந்தவர்கள், கலோரிக் கணக்குப் பக்கமே தனியாகப் போகக் கூடாது. இரண்டு கிலோ மட்டும் குறைத்துவிட்டு 'நின்றுவிட்டது' என்பவருக்கு இடைவெளி தேவையில்லை. அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கட்டும்.

சரி, எவ்வளவு கூட்டுவது? எத்தனை நாள்?

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நாலு வாரமாக எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், நீங்கள் இப்போது சாப்பிடும் அளவுதான் உங்கள் பராமரிப்பு அளவு. ஆப் என்ன சொன்னாலும் சரி. அதனால் நிஜமாகத் தேங்கி நிற்பவருக்கு 'பராமரிப்பு அளவுக்குக் கூட்டு' என்றால், ஏற்கெனவே கோணல்மாணலாகச் சாப்பிடுவதைத் தினமும் ஒரே அளவாக ஆக்கு என்றுதான் அர்த்தம். நம் 68 கிலோ பெண் ஐந்து நாள் பட்டினி, இரண்டு நாள் விருந்து என்று வைத்த 1,686-ஐ ஏழு நாளும் 1,700 என்று வைத்துக்கொள்வதுதான் அவருடைய டயட் பிரேக்.

உங்கள் எண் சரிதானா என்று ஒட்டிப்பார்க்க ஒரு அளவு: ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்னது, உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660, 65 கிலோ ஆணுக்கு 2,110. மேல்நாட்டுச் சூத்திரங்கள் நமக்குக் கொஞ்சம் தாராளமாகக் காட்டுவது வழக்கம்; தசை குறைவான உடல்வாகு நம்முடையது. சூத்திரத்தில் வருவதில் ஐந்து சதவீதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் இரண்டு வாரம். மூன்று மாதத்துக்கு மேல் குறைத்தவர் நாலு வாரம்கூட எடுக்கலாம். முடிவு தேதியை இன்றே காலண்டரில் வட்டம் போடுங்கள். பொங்கலோ, தங்கை கல்யாணமோ நடுவில் வந்தால் இடைவெளியை அதோடு சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். எப்படியும் அன்றைக்கு டயட்டைக் கடைப்பிடிக்கப் போவதில்லை.

எதைக் கூட்டுவது?

பட்டினி நாட்களின் அளவோடு கூட்ட வேண்டியது பெரும்பகுதி மாவுச்சத்து, கொஞ்சம் புரதம். மதியம் ஒன்றரைக் கரண்டி சோறு கூட, அதாவது வெந்த சோறு 150 கிராம் என்றால் 195 கலோரி. காலையில் ஒரு முட்டை, 70. சாயங்காலம் ஒரு வாழைப்பழம், 100. இத்தனை போதும், 365 ஆகிவிட்டது. தட்டில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் பலரை ஏமாற்றுகிறது. எண்ணெய், நெய், முந்திரி வழியாகக் கூட்டாதீர்கள். அளவு கை மீறும்.

புரதம் எடைக் கிலோவுக்கு 1.2 கிராம் இருக்கிறதா என்று இதே சாக்கில் பாருங்கள். சைவர்களுக்கு இது எட்டாது என்பது சரியில்லை, ஆனால் இட்லியும் சாம்பாரும் மட்டும் வைத்து எட்டாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர், சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

எடை ஏறிவிடாதா?

முதல் வாரம் ஏறும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. காலியாகிக் கிடந்த கிளைகோஜன் நிரம்பும்போது 400 கிராம் சேர்ந்தால் அதோடு 1.2 லிட்டர் தண்ணீர் வரும். குடலில் உள்ள சாப்பாட்டின் எடை வேறு. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி போயிருக்க வேண்டும். தினம் 300 கூட்டியவருக்கு ஒரே வாரத்தில் அது சாத்தியமே இல்லை. இரண்டாம் வாரமும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் கூட்டியது அதிகம்.

பிரேக் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மட்டும் 'சீட் டே', அதாவது இஷ்டம்போலச் சாப்பிடும் நாள், வைத்துக்கொண்டால்?

மேலே 2,900 கணக்கைப் பார்த்தீர்களே, அதற்கு வைத்த செல்லப் பெயர்தான் இது.

தைராய்டு இருந்தால் இறங்காதா?

தைராய்டு குறைவாக இருந்தால் எடை ஏறும், ஆனால் அதனால் மட்டும் ஏறுவது பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ. அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரை எடுத்து, தைராய்டு இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தால் தேக்கத்துக்குக் காரணம் வேறு. பரிசோதனையே செய்யாதவர்கள் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மருந்துகள், இன்சுலின் ஆகியவையும் எடையைப் பிடித்துவைக்கும். தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறேன். அதிலும் நின்றுவிட்டதே?

அதிலும் நிற்கும். செமாக்ளூடைட் ஊசியை வைத்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் குறைந்தது. ஆனால் கடைசியில் கோடு தட்டையாகிவிட்டது. மருந்து பசியைப் பிடித்து நிறுத்துவதால் தேக்கம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். இவர்களில் பலர் மிகக் குறைவாகச் சாப்பிட்டுத் தசையை இழக்கிறார்கள். இவர்கள் கூட்ட வேண்டியது புரதம்.

இரண்டு வாரம் முடிந்தது. அடுத்து?

வட்டம் போட்ட தேதியில் மறுபடி குறைக்க வேண்டும், ஆனால் பழைய கணக்கில் அல்ல. இப்போதைய எடைக்குச் சூத்திரத்தைப் புதிதாகப் போட்டு, அதிலிருந்து 250 முதல் 400 வரை கழியுங்கள். 1,700-இல் இருந்தவர் 1,400, 1,450. வாரம் ஏழு நாளும் அதே எண். நடையில் தினம் இரண்டாயிரம் அடி கூட்டினால் சாப்பாட்டில் 50, 60 கலோரி மிச்சம். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி, வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கினாலும் சரி.

இந்த வேகத்தில் மாதம் ஒரு கிலோ இறங்கும், சில மாதம் முக்கால் கிலோ. முதல் மூன்று மாத வேகம் இனி வராது. நாலு வாரச் சராசரியும் மறுபடி அசையவில்லை, எண்ணெயும் அளந்தாயிற்று, சனி ஞாயிறும் ஒழுங்கு என்றால் இன்னும் குறைக்காமல் இடுப்பையும் இரத்தப் பரிசோதனையையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள் இடுப்பு வந்து, சர்க்கரையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், அந்த எடையிலேயே ஒரு வருடம் இருந்துவிட்டு மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்.